நல்லூரில் தொடங்கிய வயலின்: ‘சக்தி’ அல்பத்தைக் கேட்பதற்கு ஓர் அறிமுகம்

1975 ஜூலை 5 ஆம் திகதி, அமெரிக்காவின் லோங் ஐலண்டிலுள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ஐந்து பேர் கொண்ட குழுவொன்றின் கச்சேரி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனம் அதனை ‘சக்தி’ என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டது. மொத்தம் மூன்று உருப்படிகள். ஓடும் நேரம் ஏறக்குறைய 52 நிமிடங்கள். பாடல் வரி எதுவும் இல்லை.

சக்தி என்றதும் இங்கு பலருக்கு வானொலியும் தொலைக்காட்சியும்தான் நினைவுக்கு வரும். இந்தச் ‘சக்தி’யைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. எழுதப்பட்டவையும் பெரும்பாலும் ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லொக்லினைப் பற்றியோ, தபேலாக் கலைஞர் ஸாகிர் ஹுசைனைப் பற்றியோதான் பேசுகின்றன. அந்த மேடையில் வயலினோடு இருந்தவர் சிறுவனாக யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், முதல் கச்சேரியை நல்லூரில் செய்தவர், 1958 வன்செயல்களைத் தொடர்ந்து குடும்பத்தோடு இந்த நாட்டை விட்டுப் போனவர் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த அல்பத்தைக் கேட்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்படுகிறது. அதோடு, எமது இழப்புகளின் பட்டியலில் யாரும் எழுதி வைக்காத ஒன்றையும் அது தொட்டுச் செல்லும்.

முற்போக்கு றொக் என்றால் என்ன?

எமது நாட்டில் ‘முற்போக்கு’ என்ற சொல்லைக் கேட்டால் எழுத்தாளர் சங்கமும் இடதுசாரி அரசியலும் ஞாபகம் வரும். ‘புரொகிரசிவ் றொக்’ என்பதிலுள்ள முற்போக்கு அதுவல்ல. 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் இளம் றொக் குழுக்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதாமல் போனது. வானொலிக்கு ஏற்ற அளவு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி, நான்கு நான்காக எண்ணும் தாளம் ஆகிய மூன்றையும் அவர்கள் உடைக்கத் தொடங்கினார்கள். மேற்கத்தேய சாஸ்திரிய இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் கீழைத்தேய இசையிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார்கள்.

1969 இல் வெளியான கிங் கிரிம்சன் குழுவின் முதல் அல்பம் இதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1972 இல் யெஸ் குழு வெளியிட்ட ‘குளோஸ் டு த எட்ஜ்’ அல்பத்தில், அதே பெயர் கொண்ட பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1973 இல் வந்த பிங்க் ஃப்ளொயிட் குழுவின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. அதிலுள்ள ‘மணி’ என்ற பாட்டின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் செல்கிறது. மேற்கில் அது ஒரு புதுமை. எங்களுக்கோ ஏழு என்பது மிஸ்ர சாபு. கோயில் வீதியில் பாய் விரித்து இருந்து மேளம் கேட்ட எவருக்கும் அது பழகிய கணக்கு.

எனவே, இந்த வகை இசை எமக்கு அந்நியமானது என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நீண்ட உருப்படி, சிக்கலான தாளம், வாத்தியங்களுக்கிடையே வாக்குவாதம்போல நடக்கும் உரையாடல் ஆகியவை எல்லாம் கர்நாடகக் கச்சேரியிலும் நாதஸ்வர மேளத்திலும் முன்பே உள்ளவை.

மின்சாரத்தை நிறுத்திய கிற்றார்

ஜோன் மெக்லொக்லின் 1942 இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் பிறந்தவர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிச்சஸ் புரூ’ ஆகிய அல்பங்களில் வாசித்தவர். 1971 இல் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டு ‘த இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’, 1973 இல் ‘பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்’ ஆகிய அல்பங்கள் வந்தன. மின்கிற்றார், மின்வயலின், விசைப்பலகை, ட்ரம்ஸ், பேஸ் கிற்றார் ஆகிய ஐந்தும் உச்ச சத்தத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கைத் தாளங்களில் ஓடும் இசை அது. ஜாஸ்காரர்கள் அதை ஜாஸ்-றொக் என்றார்கள். முற்போக்கு றொக் இரசிகர்கள் அதைத் தங்களுடையது என்றார்கள்.

அந்தக் காலத்தில் மெக்லொக்லின் கனெக்டிக்கட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்துவான் இராமநாதபுரம் வி. இராகவன் கற்பித்தார். எல். சங்கர் என்ற இளம் வயலின் கலைஞர் அங்கே ஆய்வு மாணவராக இருந்தார். தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை பற்றிய ஆய்வுக்காக அவர் 1974 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இந்தச் சந்திப்பிலிருந்துதான் ‘சக்தி’ பிறந்தது. தபேலா மேதை அல்லா ரக்காவின் மகன் ஸாகிர் ஹுசைன், கடம் வித்துவான் ரி. எச். விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்தார்கள். உலகின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்றை நடத்தியவர், மின்சாரம் இல்லாத கிற்றாரை எடுத்துக்கொண்டு மேடையில் சப்பணமிட்டு இருந்தார். ட்ரம்ஸ் இல்லை, விசைப்பலகை இல்லை, பேஸ் இல்லை. முற்போக்கு றொக் இரசிகர்கள் எதிர்பார்த்த எல்லாவற்றையும் அவர் வெளியே வைத்துவிட்டார். தாளக் கணக்கையும் நீண்ட உருப்படியையும் மட்டும் வைத்துக்கொண்டார்.

சக்தி காலத்தில் அவர் வாசித்த கிற்றார் கிப்சன் நிறுவனத்தில் ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கெனச் செய்தது. வழமையான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, ஒலித்துவாரத்தின் மேலாக ஏழு மேலதிகத் தந்திகள் சுருதிக்காகப் பூட்டப்பட்டிருந்தன. மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. இதனால் தந்தியை ஆழமாக அழுத்தி ஸ்வரத்தை வளைக்க முடிந்தது. வீணையில் கமகம் பிடிப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதன் நோக்கம் உடனே விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு

எல். சங்கர் 1950 இல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லக்ஷ்மிநாராயணா வயலின் வித்துவான், தாய் சீதாலக்ஷ்மி வீணை வாசிப்பவர். தந்தை யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரியில் கற்பித்ததால் குடும்பம் அங்கே வாழ்ந்தது. மூத்த சகோதரர்கள் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் தந்தையிடமே வயலின் கற்றார்கள்.

இந்தப் பெயர்கள் எமக்குப் புதியவை அல்ல. ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்தவர் எல். வைத்தியநாதன்தான். ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கும் அவரே இசை. எல். சுப்பிரமணியம் மருத்துவம் படித்துவிட்டு வயலினையே வாழ்வாக்கி உலகப் புகழ் பெற்றவர். மூவரும் ஒரே வீட்டில், ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள். அக்காலத்தில் கர்நாடக இசையில் வயலின் பெரும்பாலும் பாடகருக்குப் பின்னால் நிற்கும் பக்கவாத்தியம். அது தனியாக நின்று பேச வேண்டும் என்பது லக்ஷ்மிநாராயணாவின் பிடிவாதம். பிற்காலத்தில் மூன்று மகன்மாரும் செய்தவற்றின் வேர் அந்தப் பிடிவாதத்தில் இருக்கிறது.

சங்கர் ஏழு வயதில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் முதல் கச்சேரி செய்ததாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அடுத்த ஆண்டு 1958. தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் ஏற்பட்ட பண்டா-செல்வா ஒப்பந்தம் அந்த ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. மே மாத இறுதியில் தமிழர்களுக்கு எதிரான வன்செயல்கள் தெற்கிலும் கிழக்கிலும் வெடித்தன. மே 27 இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பில் வீடிழந்த தமிழர்கள் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டார்கள். லக்ஷ்மிநாராயணாவின் குடும்பம் இந்த வன்செயல்களைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தை விட்டு மீண்டும் இந்தியா சென்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சங்கரை யாழ்ப்பாணத்தவர் என்று உரிமை கொண்டாடுவது பொருந்தாது. அவருடைய குடும்பம் தென்னிந்தியக் குடும்பம். அவர்களுக்குப் போவதற்கு ஓர் ஊர் இருந்தது. 1958 இல் கொல்லப்பட்டவர்களுடனோ, அகதிக் கப்பலில் ஏறியவர்களுடனோ அவர்களை ஒரே வரிசையில் வைக்க முடியாது. ஆனால் ஒரு வன்செயல் முடிந்ததும் நாம் எதை எண்ணுகிறோம்? இறந்தவர்கள், எரிந்த வீடுகள், சூறையாடப்பட்ட கடைகள். அவற்றை எண்ணத்தான் வேண்டும். அதற்குப் பிறகு பயத்தினால் மூடப்பட்ட இசை வகுப்பை, ஊரை விட்டுப் போன ஆசிரியரை, அவரிடம் கற்றிருக்கக்கூடிய பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை. அவற்றை எண்ணுவதற்கு வழியும் இல்லை. ஒரு மண் தன் சொந்தப் பிள்ளைகளை மட்டும் இழப்பதில்லை. அதை நம்பி வந்து கற்பித்தவர்களையும் இழக்கிறது.

நான் பாமன்கடையில் குடியிருக்கிறேன். இங்குள்ள தொடர்மாடிகளில் வசிக்கும் பலரும் என்னைப்போல வேறெங்கோ இருந்து வந்தவர்கள். 1983 க்குப் பிறகு வந்தவர்கள், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வந்தவர்கள், 2009 க்குப் பிறகு வந்தவர்கள் என்று ஒரே மாடிப்படியில் சந்திப்போம். 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளிலிருந்த லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதை இங்கு யாரும் மறக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 1958 இல் கப்பல், 2007 இல் பஸ். இப்படி வாழ்ந்த ஓரிடத்திலிருந்து ‘சக்தி’யைக் கேட்கும்போது, அந்த வயலின் எனக்கு ஒரு கேள்வியாகவும் ஒலிக்கிறது: எங்களிடமிருந்து வெளியே போனவை எவ்வளவு?

மூன்று உருப்படிகள்

அல்பத்தின் முதல் உருப்படி ‘ஜோய்’. 18 நிமிடங்கள். கிற்றாரும் வயலினும் ஒரே சங்கதியை ஒரே வேகத்தில் சேர்ந்து வாசிக்கின்றன. முதல் தடவை கேட்பவருக்கு அது மூச்சு விட இடம் தராது. எங்கே கிற்றார் முடிகிறது, எங்கே வயலின் தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத இடங்கள் உண்டு. பிறகு இருவரும் தனித்தனியாகப் பிரிந்து வாசிக்கிறார்கள். கீழே தபேலா, மிருதங்கம், கடம் ஆகிய மூன்றும் தரையை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. வடநாட்டுத் தபேலாவும் தென்னாட்டு மிருதங்கமும் ஒரே மேடையில் சமமாக இருந்து வாசிப்பது அக்காலத்தில் அரிது. ‘ஜோய்’ இன் நடுப்பகுதியை ஒரு தடவை மெல்லிசை வாத்தியங்களை மறந்துவிட்டு, தோல் வாத்தியங்களையும் மண் வாத்தியத்தையும் மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கடத்தின் ஒலி மிருதங்கத்தின் ஒலியிலிருந்து எப்படிப் பிரிகிறது என்பது தெரியும்.

இரண்டாவது ‘லோட்டஸ் ஃபீட்’. ஐந்து நிமிடங்கள்கூட இல்லை. வேகம் இல்லை, வித்தை இல்லை. எளிமையான ஒரு மெட்டு, அதைச் சுற்றி மெதுவான தபேலா. இந்த அல்பத்தில் நான் அதிக தடவை கேட்டது இதைத்தான். முன்னால் 18 நிமிடம் ஓடிய ஐவரும் இங்கே ஒருவருக்கொருவர் இடம் விட்டு அமர்ந்திருக்கிறார்கள். வயலின் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் இடங்களைக் கவனியுங்கள். வாய்ப்பாட்டுக்குப் பின்னால் நின்று வாசிக்கும் கலையை ஆராய்ந்த ஒருவர், இங்கே பாடகரே இல்லாத மேடையில் பாடகராக இருக்கிறார்.

மூன்றாவதற்கு ஒரு வரியில் அடங்காத நீண்ட பெயர். ‘இது எனக்கு எதற்கு, அது எனக்கு எதற்கு, என் இறைவனின் பாதத்தில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம்’ என்பது அதன் பொருள். 29 நிமிடங்கள், பழைய இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும். இதைக் கேட்பதற்குக் கச்சேரியின் மனநிலை வேண்டும். ஒரு வித்துவான் ராகம் ஒன்றை எடுத்து, அவசரப்படாமல் விரித்து, பிறகு தாளத்துக்குள் வந்து, கடைசியில் தனியாவர்த்தனத்துக்கு இடம் விடும் ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டால் இது நீளமாகத் தோன்றாது. கிற்றார் ஒரு கேள்வி கேட்க வயலின் பதில் சொல்வதும், பதில் வர வரக் கேள்வி குறுகிக்கொண்டே போவதும் மேளச் சமாவில் நாம் கண்டதுதான்.

ஏழு எண்ணும் முறை

முற்போக்கு றொக் கேட்கத் தொடங்குபவர்கள் இடறி விழும் இடம் தாளம். மேற்கத்தேய நூல்கள் அதைப் பின்னங்களாக எழுதி விளக்குகின்றன. எமக்கு அதைவிட இலகுவான வழி இருக்கிறது. சொற்கட்டு.

‘தகதிமி’ என்றால் நான்கு. ‘தகிட’ என்றால் மூன்று. ‘தக’ என்றால் இரண்டு. ‘தக தகிட’ என்று சொல்லிக்கொண்டு கைதட்டினால் ஐந்து, அது கண்டம். ‘தகிட தகதிமி’ என்றால் ஏழு, அது மிஸ்ரம். பிங்க் ஃப்ளொயிட்டின் ‘மணி’ பாட்டைப் போட்டுவிட்டு மனதுக்குள் ஏழு எண்ணிப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் காது பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தீர்மானம். ஒரு சொற்கட்டை மூன்று தடவை சொல்லி, மூன்றாவது முடிந்ததும் சரியாகச் சமத்தில் வந்து விழுவது. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை. மூன்று தடவை சொன்னால் பதினைந்து. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இரட்டித்துப் பதினாறாக வைத்துக்கொள்வோம். முதலாவதை விட்டு இரண்டாவதில் தொடங்கினால், மூன்று ததிங்கிணதொம்மும் முடியும்போது பதினாறும் நிறைந்துவிடும். அடுத்த அடி சமத்தில் விழும். ‘சக்தி’யில் எல்லோரும் சேர்ந்து திடீரென நின்று சபையோர் கரகோசம் எழுப்பும் இடங்களுக்குப் பின்னால் இந்த வகைக் கணக்குகளே இருக்கின்றன. அமெரிக்கச் சபையோர் அதை வியந்து கேட்டார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் அது வந்து விழுவதற்குச் சற்று முன்னரே புன்னகைத்துவிடுவார்கள். அந்தப் புன்னகைதான் இந்த இசையின் பாதிச் சுகம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் காது சாதாரண மக்களிடம் இருந்தது. பூங்காவனத் திருவிழா இரவில் கச்சான் கொறித்தபடி விடிய விடிய மேளம் கேட்ட விவசாயியும் கடைக்காரரும் தவில்காரர் எங்கே எடுத்து எங்கே விடுகிறார் என்று விரலில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்களும் தேடிய தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி அந்தச் சபைகளில் வளர்ந்தவர். அவர் காலமானதும் 1975 இல்தான். அதே ஆண்டில் உலகின் இன்னொரு மூலையில் இதே தாளக் கணக்கு றொக் இரசிகர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டையும் ஒரே காதால் கேட்க முடியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

சொற்கள் இல்லாத இசை

போர்க்காலத்தில் வடக்கில் மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். எங்களுக்கு ஒவ்வொரு பாட்டும் ஒரு காலத்துக்கு உரியது. ஒரு பாட்டைக் கேட்டால் ஒரு பதுங்குகுழி நினைவுக்கு வரும். இன்னொன்றைக் கேட்டால் திரும்பி வராத ஒருவர் நினைவுக்கு வருவார். சில பாட்டுகளைக் கொழும்பில் சத்தமாகப் போடவே முடியாது என்ற பயம் பல ஆண்டுகள் இருந்தது. சொற்கள் எங்களிடம் கணக்குக் கேட்கும்.

சொற்கள் இல்லாத 52 நிமிட இசை அந்த வகையில் ஒரு விடுப்பு. அது எவரையும் நினைக்கச் சொல்லாது, மறக்கவும் சொல்லாது. இசை காயத்தை ஆற்றும் என்று நான் எழுதப் போவதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் தாயிடம் ஓர் அல்பத்தைக் கொடுத்து ஆறுதலாக இருங்கள் என்று சொல்வது அவமதிப்பு. ஆனால் கவனம் என்பது வேறு. ஒரு கணக்கைப் பின்தொடர்ந்து, அது முடியும் இடத்தை எதிர்பார்த்து, அது சரியாக வந்து விழுவதைக் கேட்பது மனதுக்கு ஒரு வேலை. அந்த வேலை நடக்கும் நேரத்தில் மனம் வேறெங்கும் அலையாது. பல நாட்களுக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

குறைகளும் உண்டு

இந்த அல்பத்தைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ‘ஜோய்’ இல் வேகம் சில இடங்களில் வேகத்துக்காகவே இருக்கிறது. முற்போக்கு றொக்கின் மேல் வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு இதற்கும் பொருந்தும்: வித்தையைக் காட்டும் ஆசை இசையை மூடிவிடுகிறது. 1976 அளவில் இங்கிலாந்தில் பங்க் இளைஞர்கள் மூன்று ஸ்வரக்கட்டுகளோடு மேடையேறியது இந்த வகை ஆடம்பரத்துக்கு எதிராகவும்தான்.

கர்நாடக இசையில் ஊறியவர்களுக்கு வேறொரு குறை படும். கிற்றார் எவ்வளவு வளைந்தாலும் சில கமகங்கள் அதில் முழுமையாக வருவதில்லை. வயலின் வாசிக்கும் சங்கதியைக் கிற்றார் திருப்பிச் சொல்லும்போது ஓரங்கள் சற்றுக் கூர்மையாகிவிடுகின்றன. ராகம் ஆறுதலாக விரிய வேண்டிய இடத்தில் போட்டி வந்துவிடுகிறது. இவை நியாயமான குறைகள். இவற்றைக் கேட்டு அடையாளம் காண்பதும் இரசனையின் ஒரு பகுதியே.

இதற்குப் பிறகு எதைக் கேட்கலாம்?

புதிதாகத் தொடங்குபவர்கள் வரிசையை மாற்றிக் கேட்பது நல்லது. முதலில் ‘லோட்டஸ் ஃபீட்’, பிறகு ‘ஜோய்’, ஓய்வான ஒரு நாளில் மூன்றாவது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கடமும் மிருதங்கமும் ஒன்றாகக் குழம்பிவிடும். சாதாரண காதொலிப்பான் இருந்தால்கூடப் போதும். அல்பம் யூடியூபிலும் ஸ்பொட்டிஃபையிலும் கிடைக்கிறது.

பிடித்துப்போனால், குழுவின் இரண்டாவது அல்பமான ‘எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’யைத் தேடுங்கள். 1976 இல் லண்டனில் ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்யப்பட்டது. அதன் முதல் உருப்படி கொன்னக்கோலுடன் தொடங்குகிறது. 1977 இல் மூன்றாவது அல்பமான ‘நச்சுரல் எலிமென்ட்ஸ்’ வந்தது. அத்துடன் முதற்குழு ஓய்ந்தது. பின்னோக்கிப் போக விரும்புபவர்கள் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவின் ‘த இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’ கேட்கலாம். அதைக் கேட்ட பிறகு ‘சக்தி’க்குத் திரும்பினால், மெக்லொக்லின் எதையெல்லாம் கைவிட்டு வந்தார் என்பது புரியும்.

சங்கரைப் பின்தொடர விரும்புபவர்களுக்கு 1979 இல் வெளியான ‘டச் மீ தெயர்’ இருக்கிறது. அமெரிக்காவின் பரிசோதனை றொக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பா தயாரித்த அல்பம் அது. வயலினை முழுமையான றொக் குழுவொன்றின் நடுவில் வைத்துப் பார்க்கும் முயற்சி. சில இடங்களில் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், சில இடங்களில் நெஞ்சைப் பிடிக்கும். அதன் பின்னர் சங்கர் இரண்டு கழுத்துகளும் பத்துத் தந்திகளும் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கினார். கிற்றார் கைவினைஞர் கென் பார்க்கர் அதைச் செய்து கொடுத்தார். பெரிய பேஸிலிருந்து சாதாரண வயலின் வரையான ஒலி எல்லை முழுவதும் அந்த ஒரே வாத்தியத்தில் அடங்கும். அதனைக் கேட்க 1980களில் அவர் ஈசிஎம் நிறுவனத்துக்காகச் செய்த ‘ஹூஸ் டு நோ’ நல்ல வழி. அதில் மிருதங்கம் உமையாள்புரம் கே. சிவராமன். முற்போக்கு றொக்கின் பெரும் பெயர்களில் ஒன்றான ஜெனசிஸ் குழுவிலிருந்து வெளியேறிய பீட்டர் கேப்ரியல் 1989 இல் வெளியிட்ட ‘பஷன்’ அல்பத்திலும் அந்த இரட்டை வயலின் ஒலிக்கிறது.

மெக்லொக்லினும் ஸாகிர் ஹுசைனும் பிற்காலத்தில் சக்தியை வேறு கலைஞர்களோடு மீண்டும் கட்டினார்கள். பாடகர் சங்கர் மகாதேவன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோர் சேர்ந்த ‘திஸ் மொமென்ட்’ 2023 இல் வெளியாகி, 2024 பெப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஸாகிர் ஹுசைன் காலமானார்.

பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை

வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் சனி, ஞாயிறு காலைகளில் ஏதாவதொரு தொடர்மாடி யன்னலிலிருந்து வயலின் சரளி வரிசையோ மிருதங்கப் பாடமோ கேட்கும். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அப்படித்தான். பெற்றோர் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குகிறார்கள். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துகிறார்கள். தரம் ஒவ்வொன்றாக ஏறி, சான்றிதழ்கள் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுகின்றன. பிறகு க.பொ.த. பரீட்சை வருகிறது. வயலின் பெட்டிக்குள் போய்விடுகிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு இந்த அல்பத்தைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் படிக்கும் அதே ஏழு ஸ்வரங்களையும் அதே சொற்கட்டுகளையும் கொண்டு உலகத்தின் எந்த இசையோடும் சமமாக இருந்து கதைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. அதைச் செய்தவர்களில் ஒருவர் அவர்களுடைய வயதில் நல்லூரில் வாசித்தார் என்பதையும், அவர் ஏன் தொடர்ந்து அங்கே இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கதை அரைகுறையாகிவிடும்.